நெய்வேலியும் நிதி நெருக்கடியும்

நெய்வேலி என்னும் பெயரை அறியாதவர் தமிழ்நாட்டில் இலர். ஒரு காலத்தில் முந்திரியும் மணிலாவும் கம்பும் விளைந்த செம்மண் மேட்டில் இன்று அகன்ற சாலைகளையும், வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்ட குடியிருப்புகளையும், உயர்ந்த புகைபோக்கிகளையும் காண்கிறோம். 1930களில் அவ்வூர் நிலச்சுவான்தார் திரு. ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் கிணறு வெட்டியபோது, தண்ணீருடன் கரிய பொருள் ஒன்றும் வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி இருப்பதற்குக் கிடைத்த முதல் அடையாளம். 1956ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி நெய்வேலி நிலக்கரிக் கார்ப்பொரேஷன் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படிவம் கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல், சோவியத் நாட்டின் உதவியுடன் கட்டப்பட்ட மின்சார நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. அந்த முதல் நிலையம் தன் பணியை முடித்து 2020இல் மூடப்பட்டுவிட்டது. அதன் பின் வந்த நிலையங்கள் இன்று மின்சாரம் தருகின்றன. கம்பெனியின் பெயரும் 2016இல் என்.எல்.சி. இந்தியா லிமிடெட் என மாற்றப்பட்டது.

இவையெல்லாம் பலரும் அறிந்த செய்திகளே. இங்கு நாம் ஆராய விரும்புவது வேறொன்று. 2013ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி இரவு முதல் நெய்வேலித் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். ஏறத்தாழ இரண்டு வாரங்கள் அது நீடித்தது. கூலி உயர்வோ போனஸோ அதன் காரணமன்று. கம்பெனியில் மத்திய அரசாங்கத்துக்கு உள்ள பங்குகளில் ஒரு பகுதியைச் சந்தையில் விற்கக் கூடாது என்பதே அவர்களுடைய கோரிக்கை. தமிழ்நாட்டு அரசாங்கமும் அதே கோரிக்கையை முன்வைத்தது.

நன்றாக நடந்து லாபம் தரும் ஒரு ஸ்தாபனத்தின் பங்குகளை அரசாங்கம் ஏன் விற்க முன்வந்தது? அதன் காரணங்களைத் தேடிப் பின்னோக்கிச் சென்றால், ஒரு வழி 2008ஆம் ஆண்டு அமெரிக்காவில் வீழ்ந்த ஒரு பெரிய பாங்கியின் வாசலுக்கு நம்மைக் கொண்டு சேர்க்கிறது. நியூயார்க் நகரத்துப் பாங்கிக்கும் குறிஞ்சிப்பாடி வட்டாரத்துச் சுரங்கத்துக்கும் உள்ள இத்தொடர்பைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் தெரிந்துகொள்வது அவசியம். பொதுச் சொத்தைப் பற்றிய முடிவுகள் நெருக்கடிக் காலத்தில்தான் விரைவாக எடுக்கப்படுகின்றன. அவ்வேளையில் விஷயம் தெரிந்தவர்களாலேயே சரியான கேள்விகளைக் கேட்க முடியும்.

பங்கு என்பது என்ன?

முதலில் பங்கு என்னும் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நமது கிராமங்களில் கூட்டுக் கிணறுகள் உண்டு. அண்ணன் தம்பிகள் நால்வருக்கு ஒரு கிணற்றில் ஆளுக்குக் கால் பங்கு என்றால், ஒவ்வொருவருக்கும் முறைத் தண்ணீர் உண்டு. கிணற்றைத் தூர் வாருவதிலும் மோட்டார் மாற்றுவதிலும் கருத்துச் சொல்லும் உரிமையும் உண்டு. கம்பெனியின் பங்கும் ஏறக்குறைய இத்தகையதே. பங்கு வைத்திருப்பவருக்கு லாபத்தில் ஒரு பகுதி கிடைக்கும். கம்பெனிக் கூட்டத்தில் தமது பங்குக்கு ஏற்ப வாக்களிக்கலாம். பங்கை வேறொருவருக்கு விற்கலாம். அவ்வாறு விற்கவும் வாங்கவும் உள்ள இடமே பங்குச் சந்தை.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தம்பி தமது கிணற்றுப் பங்கை வெளியாருக்கு விற்றால், அப்பணம் தம்பியின் கையில் சேரும். கிணற்றை ஆழப்படுத்த அதில் ஒரு காசும் வராது. அதுபோலவே, மத்திய அரசாங்கம் தன்னிடம் உள்ள நெய்வேலிப் பங்குகளை விற்றால், அப்பணம் அரசாங்கத்தின் கஜானாவுக்குச் செல்லும். சுரங்கத்துக்கோ மின்சார நிலையத்துக்கோ செல்லாது. கம்பெனியே புதிய பங்குகளை வெளியிட்டு விற்றால் மட்டுமே பணம் கம்பெனிக்கு வரும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலரும் அறியார்.

அமெரிக்கப் பாங்கி வீழ்ந்த விதம்

இனி 2008ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அமெரிக்காவில் வீடு வாங்குவதற்குப் பாங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்து வந்தன. திருப்பிக் கட்ட வசதியில்லாதவர்களுக்கும் கடன் கிடைத்தது. ஏன் இவ்வாறு அஜாக்கிரதையாகக் கொடுத்தார்கள் என்று கேட்கலாம். நமது ஊரில் ஒருவர் புரோநோட்டு எழுதி வாங்கிக் கடன் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அக்கடன் திரும்பி வர வேண்டும் என்ற கவலை அவருக்கு இருக்கும். ஆகவே ஆளைப் பார்த்து, நிலத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார். ஆனால் இன்று எழுதி வாங்கிய புரோநோட்டுகளை நாளையே கட்டாகக் கட்டி வெளியூராருக்கு விற்றுவிடலாம் என்றால், அந்தக் கவலை அவருக்கு இராது. எத்தனை நோட்டு எழுதினால் அத்தனை லாபம் என்றே எண்ணுவார். அமெரிக்காவில் நடந்தது இதுதான். வீட்டுக் கடன்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து உலகெங்கும் உள்ள பாங்கிகளுக்கு விற்றனர். வீட்டு விலைகள் இறங்கத் தொடங்கியதும் கடன்கள் நின்றுபோயின. கட்டுகளை வாங்கியிருந்தவர்கள் கையில் வெறுங்காகிதம் மிஞ்சியது.

1850இல் நிறுவப்பட்ட லேமன் பிரதர்ஸ் என்னும் பெரிய பாங்கி 2008 செப்டம்பர் 15ஆம் தேதி திவாலாயிற்று. அதன் கடன் 60,000 கோடி டாலருக்கும் மேற்பட்டது. எந்தப் பாங்கியிடம் எவ்வளவு வெறுங்காகிதம் இருக்கிறதோ என்ற பயத்தால், ஒரு பாங்கி மற்றொரு பாங்கிக்கு ஓர் இரவுக்குக்கூடக் கடன் கொடுக்க அஞ்சியது. பாங்கித் தொழில் நம்பிக்கையின் மேல் நிற்பது. நம்பிக்கை போனால் நல்ல பாங்கியும் தள்ளாடும். அமெரிக்க அரசாங்கம் 70,000 கோடி டாலர் வரை செலவிட அதிகாரம் பெற்றுத் தன் பெரிய பாங்கிகளைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

இத்தகைய அனுபவம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. அதில் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பை இழந்து தவித்தன. அந்த அடியிலிருந்து பிறந்ததே 1907இல் தொடங்கப்பட்ட இந்தியன் பாங்கி. 1960இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் பாங்கி வீழ்ந்ததன் விளைவாக, 1962 முதல் வைப்புப் பணத்துக்கு இன்ஷூரன்ஸ் ஏற்பட்டது. நெருக்கடி ஒவ்வொன்றும் ஒரு புதிய ஏற்பாட்டை விட்டுச் சென்றிருக்கிறது.

நெருக்கடி இந்தியாவை எட்டிய வழி

ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்த வட்டாரங்களில் மேலே உள்ள ஏரி உடைந்தால் கீழே உள்ள ஏரிக்கும் ஆபத்து என்பதை விவசாயிகள் அறிவர். 2008இல் நமது நாட்டுக்கு நேர்ந்ததும் அத்தகையதே. நமது பாங்கிகள் அமெரிக்க வீட்டுக் கடன் கட்டுகளை அதிகமாக வாங்கியிருக்கவில்லை. 1969இல் 14 பெரிய பாங்கிகளும் 1980இல் மேலும் 6 பாங்கிகளும் தேசிய உடைமையாக்கப்பட்டிருந்தபடியால், அரசாங்கம் பின்னால் நிற்கிறது என்ற தைரியம் மக்களுக்கு இருந்தது. தனியார் பாங்கிகளிலிருந்து பணத்தை எடுத்து அரசாங்கப் பாங்கிகளில் போட்டவர்களும் உண்டு.

ஆயினும் வெள்ளம் வேறு மதகுகளின் வழியாக வந்தது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் தங்கள் நாட்டு நஷ்டத்தை ஈடுகட்ட இந்தியப் பங்குகளை விற்றுப் பணத்தை எடுத்துச் சென்றனர். 2008 ஜனவரியில் 21,000 அளவில் இருந்த பம்பாய்ப் பங்குச் சந்தைக் குறியீடு, அக்டோபரில் 9,000க்கும் கீழே இறங்கியது. ஏற்றுமதி குறைந்தது. திருப்பூர்ப் பனியன் தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்தன. கிராமங்களிலிருந்து அங்கு வேலைக்குச் சென்றிருந்தவர்கள் அதன் வேதனையை உணர்ந்தனர்.

அப்போது ரிசர்வ் பாங்கியும் மத்திய அரசாங்கமும் விரைந்து செயல்பட்டன. பாங்கிகளுக்கு ரிசர்வ் பாங்கி கொடுக்கும் குறுகிய காலக் கடனின் வட்டி, 2008 அக்டோபரில் இருந்த 9 சதவீதத்திலிருந்து 2009 ஏப்ரலுக்குள் 4.75 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மக்கள் போடும் வைப்பில் நூற்றுக்கு 9 ரூபாயைப் பாங்கிகள் ரிசர்வ் பாங்கியிடம் வைக்க வேண்டும் என்றிருந்தது, 5 ரூபாயாகத் தளர்த்தப்பட்டது. இவற்றால் பாங்கிகளிடம் கடன் கொடுக்கப் பணம் பெருகியது. அரசாங்கம் 2008 டிசம்பரிலும் 2009 ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலும் வரிகளைக் குறைத்தும் செலவைக் கூட்டியும் தொழில்களுக்கு ஊக்கமளித்தது.

பயிர் வாடும்போது மதகைத் திறப்பது சரியே. ஆனால் திறந்த மதகால் ஏரியின் நீர்மட்டம் இறங்கும். நெருக்கடிக்கு முன்னரே, 2008 பிப்ரவரி பட்ஜெட்டில் விவசாயக் கடன் தள்ளுபடிக்காக 60,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டிருந்தது. இவற்றோடு சம்பள உயர்வு, மானியங்கள் ஆகியவையும் சேர்ந்தன. வரி வருமானமோ குறைந்தது. 2007-08இல் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 2.5 சதவீத அளவில் இருந்த மத்திய அரசாங்கத்தின் பற்றாக்குறை, அடுத்த ஆண்டில் 6 சதவீதத்தை எட்டியது. 2009-10இல் அதனினும் சற்று மேலே சென்றது. அதாவது, வரவுக்கு மேற்பட்ட செலவுக்கு அரசாங்கம் கடன் வாங்கியது. கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். ஆகவே வேறு வரவுகளைத் தேட வேண்டிய நிலை ஏற்பட்டது.

கஜானாவிலிருந்து சந்தைக்கு

அரசாங்கம் தன் கம்பெனிகளின் பங்குகளை விற்பது 2008க்குப் பிறகு தோன்றிய வழக்கமன்று. 1991இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிப்போய், ஏறத்தாழ 47 டன் தங்கத்தை வெளிநாட்டுப் பாங்கிகளிடம் ஈடு வைக்க நேர்ந்தது. அந்த நெருக்கடியை அடுத்துத்தான் பொதுத்துறைப் பங்குகளின் விற்பனை தொடங்கியது. நெய்வேலிப் பங்குகளிலும் ஒரு சிறு பகுதி 1990களில் வெளியே சென்றது. எஞ்சிய 93.56 சதவீதம் மத்திய அரசாங்கத்திடம் இருந்தது.

2006ஆம் ஆண்டு ஜூன் மாதம் மேலும் 10 சதவீதத்தை விற்க மத்திய அரசாங்கம் முடிவு செய்தது. தொழிலாளர்களும் தமிழ்நாட்டு அரசாங்கமும் எதிர்த்தனர். ஜூலை 6ஆம் தேதி பிரதமர் மன்மோகன் சிங், நெய்வேலி மட்டுமன்றி எல்லாப் பங்கு விற்பனைகளையும் நிறுத்தி வைத்தார்.

நிறுத்தி வைத்ததை மீண்டும் எடுக்கும் காலம் நெருக்கடிக்குப் பின் வந்தது. சந்தை சிறிது தேறியதும், 2009 நவம்பரில் மத்திய அரசாங்கம் புதிய கொள்கையை அறிவித்தது. சந்தையில் பதிவு பெற்ற, லாபம் ஈட்டும் அரசாங்கக் கம்பெனிகள் ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 சதவீதப் பங்காவது பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2010இல் அதுவே சட்ட விதியாகி, மூன்றாண்டு தவணையும் குறிக்கப்பட்டது. தவணை 2013 ஆகஸ்டில் முடிவடைய இருந்தது. நெய்வேலியில் வெளியார் பங்கு 6.44 சதவீதமே. ஆகவே குறைந்தது 3.56 சதவீதத்தை விற்றாக வேண்டும் என்ற நிலை வந்தது. இதுவே நாம் முதலில் குறிப்பிட்ட வேலை நிறுத்தத்தின் பின்னணி.

அப்போது முதலமைச்சர் ஜெயலலிதா ஒரு யோசனை கூறினார். விதிப்படி விற்றே ஆக வேண்டும் என்றால், அப்பங்குகளைத் தமிழ்நாட்டு அரசாங்க ஸ்தாபனங்களே வாங்கிக்கொள்ளும் என்பது அது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி என்னும் அமைப்பும் மத்திய நிதி இலாகாவும் இதற்கு இணங்கின. சிப்காட், தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம், தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் முதலிய ஐந்து ஸ்தாபனங்கள் 2013 ஆகஸ்டில் ஏறத்தாழ 5 கோடியே 97 லட்சம் பங்குகளைப் பங்கு ஒன்று 60 ரூபாய் அளவில் வாங்கின. ஏறத்தாழ 358 கோடி ரூபாய் மத்திய கஜானாவுக்குச் சென்றது. விதியும் நிறைவேறியது. பங்குகளும் தனியார் கைக்குச் செல்லவில்லை. மத்திய அரசாங்கம் விற்றதை மாநில ஸ்தாபனங்கள் விலை கொடுத்து வாங்கியமையால், லாபத்தில் ஒரு சிறு பகுதி தமிழ்நாட்டுக்கு வரும் வழியும் ஏற்பட்டது.

எல்லைக் கோடுகள் எவை?

கதை அத்துடன் முடியவில்லை. 2014இல் அந்த 10 சதவீத விதி 25 சதவீதமாக உயர்த்தப்பட்டது. தவணைகள் நீட்டிக்கப்பட்டாலும் விற்பனைகள் தொடர்ந்தன. 2017இல் ஒரு விற்பனை நடந்தது. 2024 மார்ச்சில் ஏறத்தாழ 7 சதவீதம் விற்கப்பட்டது. அப்போது குறிக்கப்பட்ட குறைந்த விலை பங்கு ஒன்றுக்கு 212 ரூபாய். அதன் பின் மத்திய அரசாங்கத்தின் பங்கு 72 சதவீத அளவுக்கு வந்தது.

இந்த எண்களுக்கு என்ன பொருள்? கம்பெனிச் சட்டத்தில் இரண்டு கோடுகள் முக்கியமானவை. முதலாவது 51 சதவீதம். அரசாங்கத்திடம் அதற்குக் குறையாமல் இருக்கும் வரை அது அரசாங்கக் கம்பெனி. நிர்வாகிகளை அரசாங்கம் நியமிக்கும். வேலை நியமனத்தில் இட ஒதுக்கீடு உண்டு. கணக்குகள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் பார்வைக்கு வரும். இரண்டாவது 75 சதவீதம். கம்பெனியின் அமைப்பு விதிகளை மாற்றுவது போன்ற பெரிய தீர்மானங்களுக்கு, அளிக்கப்படும் வாக்குகளில் முக்கால் பங்கு ஆதரவு வேண்டும். 93 சதவீதம் வைத்திருந்தவருக்கு இதில் எவர் தயவும் தேவையில்லை. 72 சதவீதம் வைத்திருப்பவர், எல்லோரும் வாக்களித்தால், மற்றப் பங்குதாரர் சிலரின் சம்மதத்தையும் பெற வேண்டியிருக்கும். ஆகவே நாலு சதவீதம், ஏழு சதவீதம் என்பவை சிறு எண்களாகத் தோன்றினாலும், அவை எந்தக் கோட்டைக் கடக்கின்றன என்று பார்ப்பதே அறிவுடைமை.

இரு தரப்பு வாதங்கள்

விற்பனையை ஆதரிப்போர் கூறுவது யாது? வெளியார் பங்குதாரர்களானால் கம்பெனியின் கணக்கு வழக்குகள் மேலும் வெளிப்படையாக இருக்கும். வீண் செலவு குறையும். அரசாங்கத்துக்குக் கிடைக்கும் பணம் சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் உதவும். கடன் வாங்கி வட்டி கட்டுவதைவிட இது மேல் என்பர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை.

எதிர்ப்போர் கூறுவது யாது? விற்பனைப் பணம் ஒரு முறைதான் வரும். விற்காமலிருந்தால் லாபப் பங்கு ஆண்டுதோறும் வரும். நாட்டின் பொதுப் பணத்தைக் கொண்டும், குடியானவர்கள் கொடுத்த நிலத்தைக் கொண்டும் எழுந்த ஸ்தாபனம் இது. சந்தை விலையை மட்டும் நோக்கும் பங்குதாரர்கள் பெருகினால், நிலம் கொடுத்த கிராமங்களின் குடிநீர், வேலை வாய்ப்பு, மறுவாழ்வு ஆகியவற்றை வெறும் செலவாகவே கருதுவர் என்று அவர்கள் அஞ்சுகின்றனர். இந்த அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்டப்பட்டபோது விவசாயிகள் அடைந்த துயரத்தை நாடறியும். நிலத்தின் விலையைப் பணத்தால் மட்டும் அளக்க முடியாது என்பதை அந்நிகழ்ச்சி எல்லோருக்கும் உணர்த்தியது.

நாம் இரு தரப்பையும் எண்ணிப் பார்த்துக் கூறுவது இதுதான். பஞ்சாயத்து ஏரியின் மீன் குத்தகையை ஏலம் விடுகிறோம். புளியமரங்களின் மகசூலை ஏலம் விடுகிறோம். அவை வரும்படி, மறு ஆண்டும் வரும். ஆனால் ஏரியின் ஒரு மூலையையே விற்பதானால் அது முதலை விற்பதாகும். முதலை ஒருபோதும் விற்கக் கூடாது என்பதன்று. விற்ற பணத்தால் வேறொரு நிலையான முதலை உண்டாக்கினால் அதில் குற்றமில்லை. புதிய கிணறு, புதிய பள்ளி, புதிய மின்நிலையம் இவையெல்லாம் முதலே. முதலை விற்று அன்றாடச் செலவுக்கும் பழைய கடனின் வட்டிக்கும் செலவிட்டால், அடுத்த நெருக்கடியில் விற்பதற்கு ஒன்றும் இராது. மத்திய அரசாங்கமாயினும் கிராமப் பஞ்சாயத்தாயினும் இக்கணக்கு ஒன்றே.

ஊக்கத்துக்குப் பின் வந்த சுமை

நெருக்கடிக் காலத்தில் பாங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்தன என்று கண்டோம். அக்கடன்களில் பெரும்பகுதி மின்சாரம், இரும்பு, சாலை முதலிய பெருந்தொழில்களுக்குச் சென்றது. அவற்றுள் பல திரும்பி வரவில்லை. 2018 மார்ச்சில் அரசாங்கப் பாங்கிகள் கொடுத்திருந்த கடனில் நூற்றுக்கு 14 ரூபாய்க்கு மேல் வராக்கடனாக நின்றது. அப்பாங்கிகளுக்கு முதல் சேர்ப்பதற்காக 2017 அக்டோபரில் 2,11,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மத்திய அரசாங்கம் அறிவித்தது. பின்னர்ப் பாங்கிகளை ஒன்றோடொன்று இணைத்து, 27ஆக இருந்த அரசாங்கப் பாங்கிகளின் எண்ணிக்கையை 12ஆகக் குறைத்தது. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி அலகாபாத் பாங்கி நமது இந்தியன் பாங்கியோடு இணைந்தது இவ்வாறே. பாங்கிகளைத் தாங்கிய பணமும் பொதுமக்களின் பணமே. பெரிய கடன் கெட்டால் அதன் பாரம் சுற்றி வந்து நம் தலையில்தான் இறங்குகிறது.

கைப்பணத்தைக் காப்பது எப்படி?

நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தில் நிலத்துக்கு ஈடாகப் பெருந்தொகை பெறும் குடும்பங்கள் பல. தலைமுறைகளாக நிலமாக இருந்த சொத்து ஒரே நாளில் பணமாகக் கைக்கு வருகிறது. நிலத்தைக் காக்கத் தெரிந்த குடியானவருக்குப் பணத்தைக் காப்பது புதிய வேலை. ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் பின்வருவனவற்றைக் கிராம சபையில் எடுத்துச் சொல்லலாம்.

ஒன்று: பாங்கியில் போடும் பணத்துக்கு உள்ள இன்ஷூரன்ஸ், 2020 பிப்ரவரி 4 முதல், ஒருவருக்கு ஒரு பாங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை செல்லும். 1962இல் அது 1,500 ரூபாயாக இருந்தது. ஒரே பாங்கியின் பல கிளைகளில் போட்டாலும் அவை ஒன்றாகவே கணக்கிடப்படும். வெவ்வேறு பாங்கிகளில் பிரித்துப் போட்டால் தனித்தனியே பாதுகாப்பு உண்டு.

இரண்டு: மத்தியக் கூட்டுறவுப் பாங்கிகளுக்கும் இந்த இன்ஷூரன்ஸ் உண்டு. ஆனால் கிராமத்தில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் வைப்புக்கு அது இல்லை. பயிர்க் கடனுக்கும் உரத்துக்கும் சங்கம் இன்றியமையாதது. பெருந்தொகையை வைக்கும்போது மட்டும் இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்று: பாங்கி கொடுப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு வட்டி தருவதாகக் கூறி வீடு தேடி வருவோரிடம் எச்சரிக்கை வேண்டும். 1990களில் இத்தகைய பைனான்ஸ் கம்பெனிகள் பல முறிந்ததாலேயே, 1997இல் முதலீட்டாளர் நலன் காக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும். போன பணம் முழுவதையும் மீட்டுத் தரும் என்று சொல்வதற்கில்லை.

நான்கு: பங்குகள் வாங்குவது குற்றமன்று. ஆனால் அவற்றுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. நெய்வேலிப் பங்கையே எடுத்துக்கொள்வோம். 2013இல் 60 ரூபாய் அளவில் விற்ற அது, கொள்ளை நோய் பரவிய 2020இல் அதற்கும் கீழே சென்றது. பின்னர் ஏறியது. ஏழாண்டு காத்திருந்தும் போட்ட முதல் குறைந்து நின்ற காலம் உண்டு என்பதை மறக்கலாகாது. மகளின் திருமணத்துக்கும் மகனின் படிப்புக்கும் குறித்து வைத்த பணம் அங்கே செல்ல வேண்டியதில்லை.

ஐந்து: இயன்றவரை நிலத்துக்கு ஈடாக வந்த பணத்தில் ஒரு பகுதியையாவது மீண்டும் நிலமாகவோ, தொழிலாகவோ, பிள்ளைகளின் கல்வியாகவோ மாற்றிக்கொள்வது நல்லது. முதல் முதலாகவே இருக்க வேண்டும் என்று மேலே அரசாங்கத்துக்குச் சொன்ன விதி வீட்டுக்கும் பொருந்தும்.

முடிவுரை

நெய்வேலிச் சுரங்கத்தில் கரியை எடுப்பதற்கு முன் அடியிலுள்ள ஊற்று நீரின் அழுத்தத்தை இடைவிடாது இறைத்துக் குறைக்க வேண்டும். இல்லையேல் நீர் பீறிட்டுச் சுரங்கத்தை மூழ்கடித்துவிடும். அந்த நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் சென்று பயிருக்கு உதவுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் உள்ள அழுத்தத்தை நாள்தோறும் அளந்து பார்ப்பதால்தான் மேலே வேலை நடக்கிறது.

பாங்கிகள், பட்ஜெட், பங்குச் சந்தை ஆகியவையும் கண்ணுக்குத் தெரியாமல் நம் கிராமங்களுக்கு அடியில் ஓடும் சக்திகளே. அடுத்த நெருக்கடி எந்த நாட்டில், எந்த ஆண்டில் தோன்றும் என்று எவராலும் கூற முடியாது. ஆனால் அது தோன்றும்போது பொதுச் சொத்தை விற்கும் பேச்சு மீண்டும் எழும் என்பது இதுவரை கண்ட அனுபவம். அப்போது மூன்று கேள்விகளைக் கேட்க நம் கிராமத்தார் தயாராக இருக்க வேண்டும். விற்கும் பணம் யாருடைய கைக்குச் செல்கிறது? அது முதலாக மாறுகிறதா, செலவாகக் கரைகிறதா? விற்ற பிறகு முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கும்? கிராம சபையில் குளத்துக் குத்தகையைப் பற்றி இக்கேள்விகளைக் கேட்டுப் பழகியவர்கள், நாட்டின் பெருஞ்சொத்துகளைப் பற்றியும் தயக்கமின்றிக் கேட்பார்கள் என்பதில் ஐயமில்லை.